கலாநிதி பராஹ் பாமர்: றக்பி மைதானத்திலிருந்து நிர்வாக சபை வரை



பராஹ் என்ற பெயரைக் கேட்டதும் உங்கள் குடும்பத்திலோ அயலிலோ உள்ள ஒரு பிள்ளையின் முகம் நினைவுக்கு வரக்கூடும். அரபு மொழியில் மகிழ்ச்சி என்று பொருள்படும் அழகான பெயர். ஆனால் இங்கு நாம் அறிமுகப்படுத்தும் பராஹ் நம்மவர் அல்லர். நியூசிலாந்தின் பூர்வீகக் குடிகளான மாவோரி இனத்தைச் சேர்ந்தவர். அந்நாட்டு மகளிர் றக்பி அணிக்குத் தலைமை தாங்கி, 1998, 2002, 2006 என்று மூன்று உலகக் கிண்ணங்களைத் தொடர்ச்சியாக வென்று கொடுத்தவர்.

நியூசிலாந்து றக்பி என்றதும் நம் வாலிபர்கள் சொனி பில் வில்லியம்ஸின் பெயரைச் சொல்லுவார்கள். இஸ்லாத்தைத் தழுவிய அந்த வீரர் 2015 உலகக் கிண்ணம் முடிந்த கையோடு, தன் கழுத்திலிருந்த தங்கப் பதக்கத்தைக் கழற்றி ஒரு சிறுவனுக்குப் போட்டுவிட்ட செய்தி நம் வீடுகளிலும் பேசப்பட்டது. அவருக்கு இரண்டு உலகக் கிண்ணங்கள். பராஹ் பாமருக்கு மூன்று, அதுவும் அணித் தலைவியாக. இருந்தும் அவரை நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

"பெண்களுக்கு றக்பியா?" என்று உங்களில் சிலர் புருவத்தை உயர்த்துவது நமக்குப் புரிகிறது. முரட்டு விளையாட்டு; ஆண்களும் கூடி நின்று பார்க்கும் மைதானம்; அரைக் காற்சட்டை. இந்த ஆட்சேபனைகளை நாம் அற்பமாக எண்ணவில்லை. உங்கள் மகளை றக்பி விளையாட அனுப்புங்கள் என்று சொல்ல இந்தக் கட்டுரை எழுதப்படவும் இல்லை. ஆனால் பராஹ் பாமர் பந்தை மட்டும் துரத்தியவரல்லர். பாடசாலை விளையாட்டில் சிறுபான்மை இனத்துப் பெண்பிள்ளைகளின் நிலை என்ன என்பதை ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்றவர். அந்தக் கேள்வி ஒட்டாகோவுக்கு எவ்வளவு சொந்தமோ, அக்குறணைக்கும் காத்தான்குடிக்கும் அவ்வளவு சொந்தம்.

அவர் பிறந்தது 1972ஆம் ஆண்டு நவம்பர் மாதம். ஊர் டெ கூயிட்டி. நியூசிலாந்தின் வட தீவில், செம்மறியாட்டுப் பண்ணைகள் நிறைந்த ஒரு சிறு பட்டினம். வளர்ந்தது அதற்கு அருகே உள்ள பியோபியோ என்ற இன்னும் சிறிய ஊரில். கொலின் மீட்ஸ் என்ற புகழ்பெற்ற வீரரின் ஊரும் டெ கூயிட்டிதான். பண்ணை விவசாயியான அவரை 1999ஆம் ஆண்டு நியூசிலாந்தின் நூற்றாண்டின் சிறந்த வீரராகத் தெரிவு செய்தார்கள். 2017இல் அவருக்கு அந்தப் பட்டினத்தில் சிலையும் வைத்தார்கள். கண்டியில் பிறந்த பையனுக்கு றக்பி எப்படியோ, அப்படித்தான் அந்த ஊர்ப் பையன்களுக்கும். பெண்பிள்ளைகளுக்கு வழமையாக ஒதுக்கப்பட்டது வலைப்பந்து. இதைச் சொல்லும்போது நம் பாடசாலைகள் உங்கள் ஞாபகத்துக்கு வந்தால் அதில் வியப்பில்லை.

பராஹ் உடற்கல்வி படிப்பதற்காகத் தென் தீவின் டனீடின் நகரிலுள்ள ஒட்டாகோ பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். அங்கேதான் அவர் றக்பியைப் பிடித்துக்கொண்டார். 1996இல் நாட்டுக்காக விளையாடும் வாய்ப்புக் கிடைத்தது. மறு ஆண்டே அணித் தலைவி. அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து கூட ஆகவில்லை.

அவர் விளையாடிய இடத்தை ஹூக்கர் என்பார்கள். விளையாட்டுத் தெரியாத சகோதரிகளுக்காக இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். றக்பியில் எட்டுப் பேர் தோளோடு தோள் கோத்து, எதிரணியின் எட்டுப் பேரைக் குனிந்து தள்ளுவார்கள். அதற்கு ஸ்க்ரம் என்று பெயர். முன்வரிசை மூவரில் நடுவில் நிற்பவர் ஹூக்கர். இரண்டு கைகளும் இரு பக்கத்துத் தோழியரைப் பற்றியிருக்கும். ஆகவே உள்ளே உருட்டப்படும் பந்தைக் காலால்தான் பின்னுக்குத் தட்ட வேண்டும். பந்து மைதானத்துக்கு வெளியே போனால் இரு அணியினரும் இரண்டு வரிசையாக நிற்க, தன் அணியின் பந்தைக் கோட்டிலிருந்து நேராக உள்ளே எறிவதும் பெரும்பாலும் ஹூக்கரே. அதுதான் லைன் அவுட். உயரத் தூக்கப்படும் தோழியின் கைக்குப் பந்து போய்ச் சேர வேண்டும். ஒரு கணம் பிந்தினாலும் எதிரணிக்குப் போய்விடும். கைதட்டல் பெரும்பாலும் ஓடிப்போய்ப் பந்தை வைப்பவருக்கே கிடைக்கும். நடுவில் நசுங்கி நிற்பவரைச் சனங்கள் கவனிப்பதில்லை. வீட்டில் சமையலறைக்கும் விறாந்தைக்கும் உள்ள வித்தியாசம் போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காலத்தில் மகளிர் றக்பியின் நிலை எப்படி இருந்தது? முதலாவது மகளிர் உலகக் கிண்ணம் 1991இல் வேல்ஸ் நாட்டில் நடந்தது. சர்வதேச றக்பி சபை அதை அங்கீகரிக்கவில்லை. 1994இல் ஸ்கொட்லாந்தில் நடந்ததற்கும் அங்கீகாரம் இல்லை. நியூசிலாந்து அணி அதற்குப் போகவேயில்லை. 1998இல் அம்ஸ்டர்டாமில் நடந்ததுதான் சபையின் அங்கீகாரம் பெற்ற முதல் போட்டி. அங்கே நியூசிலாந்து முதல் ஆட்டத்தில் ஜேர்மனியை 134-6 என்று வென்றது. அரையிறுதியில் இங்கிலாந்து, இறுதியில் அமெரிக்கா. இறுதி ஆட்டத்தின் புள்ளிகள் 44-12. கிண்ணம் பராஹ் பாமரின் கையில்.

இதற்கு மூன்று வருடங்களுக்கு முன்னர், 1995இல், ஆண்கள் றக்பி பணம் பெறும் தொழிலாக மாறியிருந்தது. ஜோனா லோமு போன்றவர்களின் புகழ் உலகம் முழுக்கப் பரவிய காலம் அது. மகளிர் அணியினர் தம் வேலையையும் படிப்பையும் பார்த்துக்கொண்டு, மிஞ்சிய நேரத்தில் பயிற்சி செய்தார்கள். பராஹ் பாமர் 1996 முதல் 2006 வரை பதினொரு பருவங்களில் ஆடிய சர்வதேசப் போட்டிகள் மொத்தம் 35. வருடத்துக்குச் சராசரியாக மூன்று! நியூசிலாந்து ஆண்கள் அணியின் தலைவராக இருந்த ரிச்சி மெக்கோ 2001 முதல் 2015 வரை 148 போட்டிகளில் ஆடியிருக்கிறார். திறமையில் வந்த வித்தியாசமா இது? இல்லை. ஒரு தரப்புக்குப் போட்டிகள் ஒழுங்கு செய்யப்பட்டன, மறு தரப்புக்குச் செய்யப்படவில்லை. அவ்வளவுதான்.

அந்த முப்பத்தைந்துக்குள் அவர் தலைமையில் அணி தோற்றது ஒரே ஒரு முறை. 2001இல் இங்கிலாந்து அணி நியூசிலாந்துக்கே வந்து 22-17 என்று வென்றது. மறு வருடம் பார்சிலோனாவில் உலகக் கிண்ண இறுதி. எதிரே அதே இங்கிலாந்து. இம்முறை 19-9 என்று நியூசிலாந்து வென்றது. 2006இல் கனடாவின் எட்மன்டன் நகரில் மீண்டும் இறுதி, மீண்டும் இங்கிலாந்து, 25-17. அத்தோடு சர்வதேச ஆட்டத்திலிருந்து ஒதுங்கிக்கொண்டார்.

இனி, நமக்கு அதிகம் சம்பந்தமுள்ள பக்கத்துக்கு வருவோம்.

முதல் இரு கிண்ணங்களுக்கும் இடையில் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் தெரியுமா? ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்தார். ஒட்டாகோ பல்கலைக்கழகம் 2000ஆம் ஆண்டு ஏற்றுக்கொண்ட அந்த ஆய்வின் பொருள், மாவோரி மாணவிகளும் உடற்கல்வியும் விளையாட்டும் அவற்றுள் இயங்கும் அதிகாரமும். தன் இனத்துப் பிள்ளைகள் பாடசாலை மைதானத்தை எப்படிப் பார்க்கிறார்கள், அவர்களை மற்றவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்பதை அந்தப் பிள்ளைகளின் பக்கமாக நின்று ஆராய்ந்தார். உலக சம்பியன் அணியின் தலைவி என்ற பெயர் போதும் என்று அவர் இருந்துவிடவில்லை. பார்சிலோனாவில் கிண்ணத்தைத் தூக்கியவர் கலாநிதி பராஹ் பாமர். பாமஸ்டன் நோர்த் நகரிலுள்ள மாசே பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராகச் சேர்ந்து, அங்கே மாவோரி மக்களின் தலைமைத்துவம், விளையாட்டு நிர்வாகம் ஆகியவை பற்றித் தொடர்ந்து ஆய்வு செய்தார்.

மாவோரி என்று திரும்பத் திரும்பச் சொல்லுகிறோமே, அதற்கும் காரணம் உண்டு. நியூசிலாந்து மக்களில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கினர் அவர்கள். அவர்களுடைய மொழிக்கு அரச மொழி அந்தஸ்து கிடைத்ததே 1987இல்தான். றக்பியில் அவர்கள் கொடிகட்டிப் பறந்தார்கள். ஆனாலும் 1928, 1949, 1960ஆம் ஆண்டுகளில் நியூசிலாந்து அணி தென்னாபிரிக்காவுக்குச் சென்றபோது, அந்நாட்டு வெள்ளையர்களின் நிறவெறிக்குப் பணிந்து மாவோரி வீரர்களை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனார்கள். 1960இல் "மாவோரி இல்லையென்றால் பயணமும் இல்லை" என்று பெரும் எதிர்ப்பு எழுந்தது. அப்படியும் அணி புறப்பட்டுப் போனது. இதற்காக நியூசிலாந்து றக்பி சங்கம் மன்னிப்புக் கேட்டது 2010இல்! அப்போது பாதிக்கப்பட்டவர்களில் எத்தனையோ பேர் மண்ணுக்குள் போய்விட்டார்கள்.

அந்தச் சங்கம் ஆரம்பமானது 1892இல். அதன் நிர்வாக சபையில் ஒரு பெண் உட்கார 124 வருடங்கள் பிடித்தன. 2016 டிசம்பரில் அந்தக் கதிரையில் முதலாவதாக அமர்ந்த பெண் பராஹ் பாமர். மாவோரி மக்களின் பிரதிநிதியாகவே அவர் அங்கே போனார். 2021இல் அந்தச் சபையின் உப தலைவரானார். ஒரு காலத்தில் எந்த இனத்தவரை விமானத்தில் ஏற்ற மறுத்தார்களோ அந்த இனத்துப் பெண் ஒருவர், யார் எங்கே போவது, யாருக்கு எவ்வளவு செலவழிப்பது என்று தீர்மானிக்கும் மேசையில்!

அந்த மேசையில் ஒரு பெண் இருப்பது ஏன் முக்கியம் என்பதற்கு ஓர் உதாரணம். 2010ஆம் ஆண்டு, செலவைக் குறைக்க வேண்டும் என்று சொல்லி, நியூசிலாந்தின் மகளிர் மாகாணப் போட்டித் தொடரை அவ்வருடம் நடத்தாமல் விட்டார்கள். ஆண்கள் தொடர் வழமை போல நடந்தது. அதே 2010இல்தான் நியூசிலாந்துப் பெண்கள் இங்கிலாந்தை 13-10 என்று வென்று நான்காவது உலகக் கிண்ணத்தையும் கொண்டுவந்தார்கள். வீட்டில் நன்றாகப் படிக்கும் பெண்பிள்ளையின் டியூஷன் காசைத்தான் முதலில் வெட்டுவது என்ற நம்மூர் வழக்கம் அங்கும் இருக்கிறது போலும். பின்னர் அந்தத் தொடர் மீண்டும் ஆரம்பிக்கப்பட்டது. 2016இல் அதற்கு "பராஹ் பாமர் கிண்ணம்" என்றே பெயர் சூட்டினார்கள். 2018இல் மகளிர் தேசிய அணியினருக்கு முதன்முறையாகச் சம்பளத்துடன் கூடிய ஒப்பந்தம் கிடைத்தது. பராஹ் விளையாடிய காலத்தில் கனவிலும் இல்லாத காரியம்.

அதற்காக, ஒரு பெண் சபையில் உட்கார்ந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்துவிட வேண்டாம். 2021இன் இறுதியில், தேசிய மகளிர் அணியின் வீராங்கனை ஒருவர் தன்னைப் பயிற்சியாளர் பேசிய விதம் தன் மனதை உடைத்துவிட்டது என்று பகிரங்கமாகச் சொன்னார். விசாரணை நடந்தது. 2022 ஏப்ரலில் வெளியான அறிக்கை, அணிக்குள் நடத்தும் முறையிலும் தொடர்பாடலிலும் பல குறைகள் இருப்பதாகக் கூறியது. பயிற்சியாளர் பதவி விலகினார். பராஹ் பாமர் உப தலைவராக இருந்த காலத்தில் நடந்த சம்பவம் இது. அவரைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. மேல் மாடியில் ஒருவர் இருப்பதும், கீழே உள்ளவர்களின் குரல் அங்கே போய்ச் சேர்வதும் இரு வேறு காரியங்கள். நம் பள்ளிவாசல் நிர்வாகங்களிலும் பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களிலும் ஓரிரு பெண்களைப் பெயருக்குச் சேர்த்துவிட்டுத் திருப்திப்படுகிறவர்கள் இதையும் கவனிப்பது நல்லது.

சரி, நம் பெண்பிள்ளைகளின் கதை என்ன? பத்து, பதினொரு வயது வரை முற்றத்தில் ஓடுகிறார்கள். இல்ல விளையாட்டுப் போட்டியில் சாக்கோட்டம் ஓடிப் பரிசும் வாங்குகிறார்கள். பெரிய பிள்ளையானதும் எல்லாம் நின்றுவிடுகிறது. சாதாரணதரப் பரீட்சை, டியூஷன், வீட்டு வேலை, பிறகு கல்யாணம். நாற்பது வயதில் சீனி வருத்தமும் முழங்கால் வலியும் வந்து கிளினிக் வரிசையில் நிற்கும்போது, தினமும் அரை மணி நேரம் நடக்கும்படி டொக்டர் சொல்லுகிறார். எங்கே நடப்பது? எதை உடுத்து நடப்பது? யார் என்ன சொல்லுவார்கள்? இருபத்தைந்து வருடங்களுக்கு முன் கேட்டு விடை கண்டிருக்க வேண்டிய கேள்விகள் இவை.

நம் மார்க்கம் இதற்குத் தடையாக நிற்கிறதா? அன்னை ஆயிஷா (ரழி) அவர்களுடன் நபி (ஸல்) அவர்கள் ஓட்டப் போட்டி வைத்ததும், முதல் முறை அன்னையவர்கள் முந்தியதும், பிற்காலத்தில் அவர்களுக்கு உடல் சதை போட்டிருந்த சமயத்தில் மீண்டும் ஓடி நபியவர்கள் முந்தியதும் ஹதீஸ் நூல்களில் பதிவாகி நாம் எல்லோரும் கேட்டு வளர்ந்த சம்பவம். மேடைகளில் இதைக் கணவன் மனைவி அன்புக்கு உதாரணமாகவே சொல்லுவார்கள். அது சரிதான். ஒரு பெண் ஓடினார் என்ற விடயமும் அதற்குள்ளேயே இருக்கிறது.

உடையைப் பற்றி ஒரு தகவல். உலக றக்பி சபையின் விதிகளில், அணிபவருக்கோ மற்றவர்களுக்கோ ஆபத்து விளைவிக்காத வகையில் வீராங்கனைகள் தலைத்துணி அணியலாம் என்று எழுதப்பட்டிருக்கிறது. கால் முழுவதையும் மூடும் நீள உடைக்கும் அனுமதி உண்டு. இலங்கைக்கும் தேசிய மகளிர் றக்பி அணி ஒன்று இருக்கிறது. முப்படைகளைச் சேர்ந்த வீராங்கனைகள் பலர் அதில் ஆடியிருக்கிறார்கள். ஆண்கள் பக்கத்தில் கண்டி அணிக்கும் நாட்டுக்கும் ஆடிய பாஸில் மரிஜாவை நாம் தோளில் தூக்கிக் கொண்டாடினோம். நம் பெண்பிள்ளைகளுக்கு எந்த விளையாட்டு, எந்த இடத்தில், யார் முன்னிலையில் என்பதை மார்க்க அறிஞர்களோடும் பெற்றோரோடும் கலந்து தீர்மானிக்கலாம். வலைப்பந்தாக இருக்கலாம், பட்மின்டனாக இருக்கலாம். சுற்றுமதில் உள்ள ஒரு பாடசாலை மைதானமும் ஒரு பெண் உடற்கல்வி ஆசிரியையும் இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். நம் மகளிர் பாடசாலைகள் பலவற்றில் அந்த ஆசிரியை நியமனம் வருடக் கணக்கில் வெற்றிடமாகக் கிடப்பதைப் பற்றி நாம் எத்தனை கூட்டங்களில் பேசியிருக்கிறோம்? பெற்றோர் கூட்டத்துக்கு அடுத்த முறை போகும்போது அதிபரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள்.

பராஹ் பாமருக்குக் கிடைத்த கௌரவங்கள் பல. 2014இல் சர்வதேச றக்பி சபையின் புகழ் மண்டபத்தில் முதன்முதலாகப் பெண்கள் சேர்க்கப்பட்டபோது, அந்த ஆறு பேரில் அவரும் ஒருவர். 2023ஆம் ஆண்டுப் புத்தாண்டு விருதுகளில், ஆண்களுக்குரிய சேர் பட்டத்துக்குச் சமமான டேம் பட்டம் கிடைத்தது.

அதற்குச் சில வாரங்களுக்கு முன், 2022 நவம்பர் 12ஆம் திகதி, ஒக்லாண்ட் நகரின் ஈடன் பார்க் மைதானத்தில் மகளிர் உலகக் கிண்ண இறுதி நடந்தது. நியூசிலாந்தும் இங்கிலாந்தும்தான். பார்க்க வந்தவர்கள் 42,579 பேர். நியூசிலாந்து 34-31 என்று முன்னிலையில் இருக்க, கடைசி நிமிடத்தில் கோட்டுக்குச் சில மீற்றர் தூரத்தில் இங்கிலாந்துக்கு ஒரு லைன் அவுட் கிடைத்தது. முன்னர் விளக்கினோமே, அந்த ஹூக்கரின் வேலை. பந்து எறியப்பட்டது. இங்கிலாந்துக்காரி பிடிக்குமுன் நியூசிலாந்து வீராங்கனை ஒருத்தி குதித்துத் தட்டிவிட்டாள். ஆறாவது கிண்ணமும் நியூசிலாந்துக்கே போனது.